அடிக்குப் பன்னிரண்டு

பிச்சனூரிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்வேன்.
வேலந்தாவளம் தாண்டினால் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் கூட.
கூலியும் அங்கேதான் கூட.
இரண்டுக்கும் நடுவில் என் டிவிஎஸ் ஓடுகிறது,
பின்னால் சாக்குக்குள்
பல்லை மூடிக்கொண்டு இயந்திரம்.

முதலில் நாள்கூலிக்குத்தான் போனேன்.
ஆணுக்குத் தொள்ளாயிரம், எனக்கு அறுநூறு.
செம்பருத்திக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.
யார் வெட்டினாலும்
மூன்று மாதத்தில் அதே உயரம்.

அப்புறம் ஒரு டேப் வாங்கினேன்,
மஞ்சள், முப்பது மீட்டர்.
அடிக்குப் பன்னிரண்டு ரூபாய்.
அடியில் ஆணடி பெண்ணடி கிடையாது.

தலைக்கு மேல் போனால் பதினெட்டு.
காட்டாமணக்கு என்றால் இருபது,
பால் பட்ட சேலை அதோடு சரி.
குளவிக்கூடு இருந்தால் பார்த்துத்தான் சொல்வேன்.
வெட்டியதை அள்ளிப்போட வேறு.
இத்தனையும் போனில் சொல்ல வராது எனக்கு.
‘வந்து பாக்கறேனுங்க’ என்றுவிடுவேன்.
பார்க்க வந்த பெட்ரோலை
இதுவரை ஒருத்தரும் தந்ததில்லை.

மேனோன்பாறையில் சுலோசனா டீச்சர் வீடு.
நூற்று நாற்பது அடி.
எட்டரைக்கு ஆரம்பித்தேன்,
பத்தேகாலுக்கு இலை கூட்டிக்கொண்டிருந்தேன்.
டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
வேலியைப் பார்க்கவே இல்லை.
‘ஒண்ணேமுக்கால் மணிக்கூறினு இத்ரயோ, தெய்வானே?’

போன வருஷம் இதே வேலி,
இதே விலை, கைக்கத்தரி.
முடிக்கும்போது இருட்டிவிட்டது.
மதியம் கஞ்சியும் பயறும் தந்து
கேள்வி கேட்காமல் எண்ணிக் கொடுத்தார்.

இயந்திரத்துக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி
என்று சொல்லியிருக்கலாம்.
கடனைச் சொன்னால் அது பேரத்தில் சேராது,
பிச்சையில் சேர்ந்துவிடும்.
நூற்றெண்பது குறைத்து வாங்கிக்கொண்டேன்.

கணவாய்க் காற்று வண்டியைத் தள்ள,
வழியெல்லாம் அந்த நூற்றெண்பதை
வகுத்துக்கொண்டே வந்தேன்.
பதினைந்து அடி.
கேட்டிலிருந்து கிணற்றடி வரைக்கும்
சும்மா வெட்டியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் எந்த வீட்டிலும்
கடைசிப் பதினைந்தடி வந்ததும்
இயந்திரத்தை அணைத்துவிடுகிறேன்.
கைக்கத்தரி. சரக், சரக்.
நடுநடுவே நிமிர்ந்து
இடுப்பில் கை வைத்துக்கொள்கிறேன்.
அந்த வலியில் பாதி நிஜம்தான்.

ஜன்னலில் யாரோ வந்து நின்று பார்க்கிறார்கள்.
‘பாவம்’ என்கிறார்கள் உள்ளே.
டீ வருகிறது,
சர்க்கரை தூக்கலாக.