சாவடியோரம் ஓர் ஆள்

ஏழாம் நம்பர் மிஷினில்
ஒட்டியிருந்த தமிழ்த்தாள் உரிந்துபோய் நாளாச்சு.
தெலுங்குத்தாள் அதற்கும் முன்பே.
முனெம்மாவின் கையுறை பெல்ட்டில் சிக்கிய அன்று
எதிரே மூன்று பொத்தான், மூன்று சீன எழுத்து.
நான் முதலில் அமுக்கியது வேகம்.

கையுறையோடு போயிற்று.
ஐந்து விரலையும் எண்ணிப் பார்த்துவிட்டு
'ஆகு ஆகுன்னு கத்தினேனே' என்றாள்.
அவள் பாஷையில் ஆகு என்றால் நில்.
என் பாஷையில் ஆகு என்றால்
ஆகு.

அட்டைப்பெட்டி மடிப்பில் எழுதத் தொடங்கினேன்:

停

இடப்பக்கம் இரண்டே கோடு, ஓர் ஆள்.
வலப்பக்கம் உச்சியில் புள்ளி.
நாம் எழுத்தை முடித்துவிட்டுத்தான் புள்ளி வைப்போம்,
வைத்ததும் மெய் நின்றுவிடும்.
இங்கே புள்ளிதான் கூரைக்கு முதல் ஓடு.
அதன் கீழே படுக்கைக் கோடு, சின்னச் சதுரம்
(வாய் என்றது போன்),
ஒரு மூடி,
கடைசியில் ஆணி, அடியில் கொக்கி.

சதுரத்துக்கு ப எழுதி மேலே மூடினேன்.
ஷு வெய் எட்டிப் பார்த்தான். இஞ்சினியர்,
என்னைவிட எட்டு வயது சின்னவன்,
என் புளிச்சோற்று டப்பாவைக் கண்டால் மட்டும் சிரிப்பவன்.
அடித்துவிட்டு மூன்று கோட்டில் போட்டான்.
அடிப்பக்கத்தைக் கடைசியில்தான் மூட வேண்டுமாம்.
ஏன் என்று போனிடம் கேட்டேன்.
அவன் பதிலைப் போன் தமிழாக்கியது: 'பழக்கம்.'

நாற்பது தடவை எழுதினேன்.
அமுக்கத் தெரிந்தது, புரியவில்லை.
கூரையும் வாயும் ஆணியும் சேர்ந்தால்
ஏன் நிற்க வேண்டும்?

நைட் ஷிப்ட் முடிந்து திரும்புகையில்
எளாவூரில் கம்பெனி பஸ் நின்றது.
டார்ச்சோடு ஏறிய காவலர்
சீட்டுக்கு அடியில் பாட்டில் தேடினார்.
வெளியே தகரக் கூரை,
அதன் உச்சியில் ஒற்றை பல்பு,
சதுர ஓட்டைக்குள் அதட்டுகிற ஒரு வாய்.
இடப்பக்கம், கையில் காகிதத்தோடு
ஒரு லாரிக்காரர்
லேசாகச் சாய்ந்து நின்றிருந்தார்.

அட, சாவடி!
நாமாகத் தங்கினால் சாவடி,
தங்கவைத்தால் சோதனைச்சாவடி.

பனி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதினேன்.
புள்ளி சரியாக பல்பின் மேலேயே விழுந்தது.
பத்துக் கோடு முடிந்து
கொக்கி மட்டும் பாக்கி,
அதற்குள் யாரோ 'போலாம் ரைட்' என்றார்கள்.

முடிக்காத அந்த எழுத்து
கும்மிடிப்பூண்டி வரைக்கும்
நிற்காமல் என்னோடு வந்தது.