மூன்றாவது சுற்று

சோடா என்று பெயர் வைத்தது வேதவல்லி.
காட்பாடி கூட்ரோட்டில் காலி சோடாப் பெட்டிக்குள்
பிழியாத துணி போலக் கிடந்தவள்.
பதினான்கு வருஷம்.
இப்போது இடது கண்ணில் பால் கட்டிவிட்டது,
காதருகே பட்டாசு வெடித்தாலும் திரும்பமாட்டாள்,
பின்னங்கால் இரண்டும்
சொன்ன பேச்சுக் கேட்காத மச்சான்கள்.

ஆனாலும் படுக்குமுன் மூன்று சுற்று.
மொசைக் தரையில் புல் ஏது?
எந்தக் காட்டுப் புல்லை,
எந்தப் பாம்புக்காக மிதித்து மடக்குகிறாளோ.
இரண்டாம் சுற்றில் விழுவாள்.
எழுந்து
மீதியை முடித்துவிட்டுத்தான் படுப்பாள்.
பாக்கி வைக்கத் தெரியாத பிறவி.

விருதம்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாலாறு.
பாலாறு என்றால்
மணல், முள், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்.
வாலிபத்தில் அவளுக்கு அது பட்டா நிலம்.
கத்திரி வெயிலில் வேலூர்ப் பாறையெல்லாம் தோசைக்கல்லாக,
மணலை முழ ஆழம் பறித்து
ஈரம் தட்டும் இடத்தில் வயிற்றை வைத்துக் கிடப்பாள்.
தண்ணி லாரி வராத ஒரு மாசியில்
அவள் பறித்த குழியைத்தான் நாங்களும் தோண்டினோம்.
மூன்று குடம்.
கலங்கல்தான், ஆனாலும் மூன்று குடம்.

ராத்திரி மணல் லாரி இறங்கினால்
தெரு முழுக்கப் போர்வையை இழுத்துக்கொள்ளும்,
நானும்தான்.
அவள் ஓடுவாள்.
எவனோ எறிந்த இரும்புக் கம்பி
வாலில் பாதியைக் கொண்டுபோயிற்று.
மிச்சப் பாதியை ஆட்டித்தான்
மறுநாள் என்னைச் சவாரிக்கு அனுப்பினாள்.

ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குக்
கொல்கத்தாக்காரர்களை ஏற்றி இறக்குகிற ஆட்டோ என்னுடையது.
வீடு திரும்பியதும் என் பேன்ட்டை முகர்ந்து
இன்றைக்கு யார் யார், எந்த ஊர், என்ன நோய்
எல்லாம் படித்து முடிப்பாள்.
கண் போன பிறகும்
அந்தப் பேப்பரை மட்டும் நிறுத்தவில்லை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி மூன்று.
கதவைப் பிறாண்டும் சத்தம்.
தூக்கிவிட்டால்தான் நிற்பவள்
தானாக நின்றுகொண்டிருந்தாள்.
பிடரி மயிர் எழும்பி,
மூக்கு மேற்கே.
"கனா கண்டிருக்கும், படுய்யா" என்றாள் வேதவல்லி.

திறந்துவிட்டேன்.
விழுந்து, இழுத்து, விழுந்து
வேலி வரை போனாள்.
நிலா வெளிச்சம், மணல்.
என் மூக்குக்கு எட்டியது
பக்கத்து வீட்டுச் சாக்கடை மட்டும்.
நான் இரண்டு பீடி முடிக்கும்வரை
அவள் அசையவில்லை.
அப்புறம்தான் தணிகாசலத்துக்கு
ஆம்பூரிலிருந்து போன் வந்தது.
"யோவ், ஆத்துல தண்ணி வந்துக்கினு கீதாம்!"

விடியும்போது வந்தது.
முதலில் நுரை, சருகு,
ஜோடி இல்லாத ஒரு புதுச் செருப்பு.
பின்னால் பழுப்பாகத் தண்ணீர்,
ரொம்ப நாள் கழித்து வந்தவன்
இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல
மணலைத் தடவித் தடவி.
கரையில் கற்பூரம் ஏற்றினார்கள்,
செல்போனை உயர்த்தினார்கள்,
வேதவல்லி மஞ்சளைத் தூவிக் கும்பிட்டாள்.

சோடா குரைத்தாள்.
ஒரு வருஷமாக வராத குரல்,
துருவேறிய ஷட்டரைத் தூக்கினாற்போல.
ஆற்றைப் பார்த்து.
யாரைக் கேட்டு என் மணலில் இறங்கினாய் என்று
ஆற்றையே.

சிரித்தார்கள்.
இவன் திருடன் இல்லை சோடா, வீட்டுக்காரன் என்று
எந்தக் காதில் சொல்வது?
தண்ணீர் முன்காலைத் தொட்டது.
ஓரடி பின்வாங்கி
மறுபடி குரைத்தாள்.

தூக்கிக்கொண்டு வந்தேன்.
பாதி எலும்பு, பாதி கோபம்.
துவட்டிவிட்டுச் சாக்கை விரித்தேன்.
ஒன்று.
இரண்டு.
சுவரில் சாய்ந்து இளைத்தாள்.

எட்டு மணி ரயிலுக்கு ஆள் வந்து இறங்கிவிடும்.
ஆட்டோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
நின்றுகொண்டிருந்தேன்
மீதிச் சுற்றுக்காக.