எழுபத்தாறு அடி

அணையில் எண்பத்தெட்டு அடி இருக்கும்போது
பண்ணவாடிக்கு மேற்கே அந்தக் கருவேலம்
கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும்.
வறட்சியில் முளைத்தது,
வெள்ளத்தில் நின்றபடியே செத்தது.

ஷிப்ட் முடிந்த மாலைகளில்
வெயில் முதுகில் படும்படி
மாதப்பன் பரிசலை நிறுத்துவான்.
முதலில் நீல மினோவை எறிவேன்.
மும்முள் இரண்டு தொங்கும் அதில்.
மரத்துக்கு அதைவிடப் பிடித்த இரை கிடையாது.
"கடிச்சிருச்சா?" என்பான்.
நூற்றெண்பது ரூபாய்.

பிறகுதான் ரப்பர் தவளை.
முள் முதுகோடு படுத்திருக்கும்,
வாய் பட்டால்தான் எழும்.
கிளைமேல் விழட்டும், இழுக்காதே,
நூலைத் தளர்த்து.
தானே சறுக்கியதுபோல் நீரில் இறங்கட்டும்.
வட்டங்கள் அடங்கும்வரை
பீடி ஞாபகம்கூட வரக்கூடாது.
அப்புறம் ஒரே ஒரு சுண்டு,
தூங்கும் குழந்தைமேல் உட்கார்ந்த
ஈயை விரட்டுகிற அளவுக்கு.

விரால் பொறுக்காது.
உள்ளங்கையால் அறைந்தாற்போல் சத்தம்.
மூன்று எண்ணிவிட்டு வெட்டவேண்டும்.
நான் இரண்டில் வெட்டுவேன்.
ஆறு வருடமாக இரண்டு.

மே மாதம், எழுபத்தாறு அடி.
பைக்கை மரத்தடியிலேயே நிறுத்தினேன்.
வெடித்த சேறு, நத்தை ஓடு, ஆட்டுப் புழுக்கை.
கிளையெல்லாம் காய்த்திருந்தது:
பதினேழு. என்னுடையவை ஒன்பது.
நகப்பூச்சால் கண் வைத்த கட்டைமீன் ஒன்று,
யாரோ எனக்குத் தெரியாத எதிரி.
நீல மினோவின் முள்ளில்
ஆடு மேய்க்கும் பாவாயி
சோற்றுத் தூக்கை மாட்டியிருந்தாள்.
"உங்களுதா?"
"இருக்கட்டும்."

சுற்றி வந்தபோதுதான் பார்த்தேன்.
கிழக்கே, அலை அரித்த வேருக்கடியில்
ஒரு குழி.
சேற்றில் ஒட்டிய செதில்கள்,
வெட்டிப்போட்ட கட்டைவிரல் நகம்போல.
குந்தி, கையை விட்டு அளந்தேன்,
இரண்டு முழம் போயும் சுவர் தட்டவில்லை.

ஆறு வருடமும் நான் எறிந்தது மேற்கே.
தவளை விழும் முன்பே
என் நிழல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

மாதப்பனிடம் சொல்வதா வேண்டாமா
என்று மேச்சேரி தாண்டும்வரை யோசித்தேன்.
பிறகு வேறொன்று தோன்றி
வண்டியை ஓரம் கட்டினேன்:
இத்தனை நாளில் ஒருமுறைகூட
அவன் துடுப்பு
கிழக்கே திரும்பியதில்லை.