கதவில்லாத வண்டி

கானாடுகாத்தானில்
எண்பது கதவு உள்ள வீட்டின் முன்னால்
ஒரு கதவும் இல்லாமல் நிற்கிறது இது.
அவை பர்மா தேக்கு. கப்பலில் வந்தவை.
இது தகரம். ஏலத்தில் வந்தது.

வீட்டை இப்போது ஓட்டலாக நடத்தும் மேனேஜர் சொல்கிறார்:
"ரெண்டு பக்கமும் கதவு வெச்சிடுங்க மெக்கானிக்,
வெள்ளைக்காரர் யாராவது விழுந்தா கேஸாயிடும்."
டேப்பைப் பிடித்து அளக்கிறேன்.
விளிம்பு எங்கேயும் நேராக இல்லை.
காலை வீசிக் குதிப்பவனுக்காக
வெட்டிவிட்ட வளைவு.
சண்டையில் இறங்குகிறவன்
கைப்பிடியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

ஆர்.சி. புத்தகத்தில் முதல் பெயர் வெள்ளையன் செட்டியார்.
நாற்பத்தாறில், ஆவடி டிப்போவில்,
பதின்மூன்று மண்வெட்டி, ஒரு கூடாரம், ஒரு ஜீப்,
எல்லாம் சேர்த்து ஒரே லாட்.
மண்வெட்டிகள் கண்மாய்க்குப் போயின.
கூடாரம் கல்யாண வீடுகளில் புகை குடித்தது.
ஜீப்பில் உமையாள் ஆச்சி ஏறவே இல்லை.
"வாசலில்லாத வீட்டுக்குள்ள எப்படிப் போறது?"

ஸ்டியரிங் இடப்பக்கம்.
அங்கே டிரைவர் சூசை,
வலப்பக்கம் செட்டியார்.
எதிரே வந்தவர்கள்
முதலாளிதான் ஓட்டுகிறார் என்று நினைத்தார்கள்,
வெறுங்கையால்,
மடியில் கணக்கு நோட்டோடு.
மாட்டுவண்டியை முந்தவேண்டுமென்றால்
அவர்தான் எட்டிப் பார்க்கணும்.
"போலாம்" என்பார். "இரு இரு" என்பார்.
லட்ச ரூபாய்க் கடனுக்குக்கூட
அவ்வளவு யோசித்ததில்லை என்று
சூசை என் அப்பாவிடம் சொல்வாராம்.

பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில்.
பங்கில் சூசை எழுந்தே ஆகணும்.
செட்டியாரும் கூடவே எழுந்து நிற்பார்,
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

வாங்கிய காரணம் வேறு.
நாற்பத்திரண்டில் மாண்டலேயிலிருந்து நடந்தவர் அவர்.
தமுவுக்கு முன்னால், மலைப்பாதையில்,
இதே மாதிரி ஒன்று
புழுதியை முகத்தில் இறைத்துவிட்டு
நிற்காமல் போனது.
கூட நடந்த கணக்குப்பிள்ளை அடைக்கலம்
புழுதி அடங்கட்டும், உட்காரலாம் என்றார்.
புழுதி அடங்கியது.
அடைக்கலம் எழவில்லை.

நம்ம வண்டி நிற்கணும்,
நடக்கிற ஒருத்தரையும் விடக்கூடாது:
சூசைக்கு உத்தரவு.
வண்டிக்கு அது புரியவில்லை.
ஆறு வோல்ட் பேட்டரி,
நின்றால் நின்றதுதான்.

அதனால் உருட்டினார்கள்.
நடை வேகத்துக்குக் குறைத்து, "ஓடியா, தாவு!"
தயிர்க்காரி கூடையை முதலில் போட்டு
பிறகு தன்னைப் போட்டாள்.
பள்ளத்தூர்ச் சந்தைக்குச் சேவல்கள் ஏறின,
பின்னாலேயே மூச்சிரைக்க அவற்றின் சொந்தக்காரர்.
ஒரு நிறைமாதக்காரிக்கு மட்டும் நிறுத்தினார்கள்.
அப்புறம் எட்டுப் பேர் தள்ளினார்கள்,
அதில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிய செட்டியார்.
அன்று பிறந்தவர் கண்டனூரில் மாவுமில் வைத்திருக்கிறார்.
எழுபது தாண்டியும் ஊருக்கு அவர் 'ஜீப்பு'தான்.

படுக்கையில் விழும் முன் ஒரு ராத்திரி
செட்டியார் ஷெட்டுக்கு வந்து கேட்டாராம்:
"சூசை, அந்த வண்டியும்
நின்னா கிளம்பாத வண்டியா இருந்திருக்குமோ?
நாங்கதான் ஓடி ஏறியிருக்கணுமோ?"

இதில் ஒரு மரையைத் தளர்த்தினால்
முகப்பு விளக்கு பின்னோக்கிக் கவிழ்ந்து
தன் என்ஜினையே பார்க்கும்.
சூசை அந்த வெளிச்சத்தில்
துடைத்து முடித்த கார்புரேட்டரை
மறுபடி துடைத்தார்.

பிறகு செங்கல் சூளை. மைக் கட்டி இரண்டு தேர்தல்.
ஒரு சினிமாவில் கொள்ளைக்காரன் ஓட்டி
வரப்பில் கவிழ்த்தான்.
போன வாரம் பானட்டைச் சுரண்டும்போது
நட்சத்திரத்தின் இரண்டு முனை தெரிந்தது.
மீதியைச் சுரண்டவில்லை.

இன்று காலை ட்ரையல்.
தள்ள மேனேஜரும் வந்தார், பாலீஷ் போட்ட ஷூவோடு.
மூன்றாவது தள்ளலில் பிடித்துக்கொண்டது.
நிறுத்தினால் அவ்வளவுதான்.
"சார், ஓடி வாங்க, தாவுங்க!" என்று கத்தினேன்.
கதவு வைக்கச் சொன்ன இடத்தில்
முதலில் ஒரு ஷூ வந்தது.