பரிசு அலமாரி

துலூத்தில் ஏரி உறைந்து கிடக்கும் மாதம்.
திங்களும் வியாழனும் வருவார்கள்,
பூட்ஸ் பனியை வாசலில் உதறிவிட்டு
சிறுநீர்க் குப்பியை நர்ஸிடம் நீட்டுவார்கள்.
ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.
இரண்டு கோடு தெரிந்தால் சுத்தம்.

சுத்தமானவர்கள் என் மேசைக்கு வருவார்கள்.
மீனில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில்
ஐந்நூறு சீட்டு.
பாதியில் 'நன்று' என்று மட்டும் இருக்கும்,
அதற்கு ஒன்றும் கிடையாது.
மற்றவற்றில் சோப்பு, காலுறை, பஸ் அட்டை.
சிலவற்றில் 'பெரியது'.
எங்கோ அடியில் ஒரே ஒரு தொலைக்காட்சி.
சாமான் வாங்கி அடுக்குவதும்
சாவி வைத்திருப்பதும் என் வேலை.

சும்மா இருப்பதற்குக் கூலியா என்று
என் கணவரின் தம்பி கேட்டான்,
ஞாயிற்றுக்கிழமை, வாயில் உருளைக்கிழங்கோடு.
சும்மா இருப்பது எத்தனை பெரிய வேலை என்று
அவன் ஒரு வியாழக்கிழமை வந்து பார்க்கலாம்.

வெர்லின் ஹாகன். கூரை வேய்கிறவன்.
இடது கைக் கட்டைவிரலில் நகம் இல்லை.
முதல் நாள் ஒரு சீட்டு எடுத்தான்.
தவறாமல் வந்தால் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும்.
ஆறாம் வாரக் கடைசியில்
பன்னிரண்டு முறை கைவிட்டுத் துழாவினான்.
பதினொன்றாவதில் 'பெரியது'.

ரொட்டி வாட்டும் சின்ன மின்னடுப்பைத் தேர்ந்தான்.
பெட்டியைத் தூக்கினான், திரும்ப வைத்தான்.
"தெருமுனை தாண்டினா இது அடுப்பு இல்ல,
ஒரு பொட்டலம்.
இங்கயே இருக்கட்டும். பேர் எழுதி வைங்க."
மார்க்கரால் எழுதினேன்.
H கொஞ்சம் கோணல்.

பிறகு உள்ளே வரும்போதெல்லாம்
முதலில் அலமாரியைத்தான் பார்ப்பான்.

பிப்ரவரியில் நான்கு நாள் பனிப்புயல்,
வேலை இல்லை, பழைய சம்பளம் கையில்.
திங்கட்கிழமை ஒரே கோடு.

யாரும் திட்டவில்லை.
கணக்கு ஒன்றுக்குத் திரும்பும், அவ்வளவுதான்.
விதி பேசும் இடத்தில்
நாம் குரல் உயர்த்த வேண்டியதில்லை.
அவன் கேட்டான்:
"அதையும் எடுத்துக்குவீங்களா?"
"அது நீங்க சம்பாதிச்சது."
தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.
கதவு சரியாகச் சாத்தவில்லை,
குளிர் வந்து சீட்டுகளைக் கிளறியது.

வியாழக்கிழமை வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.
பெட்டிக்கு இடமாற்றம்கூட யோசித்துவிட்டேன்,
வெட்கமாக இருக்கிறது சொல்ல.

மூடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு வந்தான்.
இரண்டாவது கோடு வெளிறித் தெரிந்தது;
வெளிறினாலும் கோடு கோடுதான் என்றாள் நர்ஸ்.
ஒரே ஒரு சீட்டு.
பிரித்தான்: 'நன்று'.
"இதுக்கு ஒண்ணும் கிடையாதில்ல?"
"கிடையாது."
"சரி. திங்கள்."

போகும்போது அலமாரியருகே நின்று
பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்,
சூடு இருக்கிறதா என்பதுபோல.

பூட்டிவிட்டுப் பட்டியல் எழுதினேன்.
காலுறை தீர்ந்துவிட்டது.
திங்களுக்குள் வாங்க வேண்டும்.