செல்

சென்னையிலிருந்து வந்த மருத்துவர்
அந்தச் சொல்லை முதல்தரம் சொன்னபோது
சேந்தன் தலையைக் குனிந்தான்.
பணிவு இல்லை, பழக்கம்.
"செல்" என்றால் எங்கள் ஊரில்
முதலில் நிலத்தில் படுக்கவேண்டும்,
பேந்துதான் மிச்சம் கேட்கலாம்.

ஆஸ்பத்திரி வீதி, மூன்றாம் மாடி.
மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் திறக்கிற அறை.
ஏசித் தண்ணீர் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
இலக்கம் பதினொன்று நான்.
பத்தும் பன்னிரண்டும் என்னைப்போலவே
கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.
யாழ்ப்பாணம் சின்ன ஊர்.
இங்கே கண்ட முகத்தை
இங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்குவது
எழுதாத சட்டம்.

"ஏஎம்எச் பூச்சியம் தசம் மூன்று.
கருமுட்டை இருப்பு ரொம்பக் குறைவும்மா."

இருப்பு எனக்குத் தெரியாத சொல்லா?
சுன்னாகம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில்
பதினாலு வருசமாய்
அரிசி, பருப்பு, கோதுமை மா, மண்ணெண்ணெய்
எல்லாவற்றுக்கும் மாதக் கடைசியில்
இருப்பு எடுக்கிறவள் நான்.
மூடைக்குக் கீழே எலி தின்றதையும்
மாரி ஈரத்தில் சீனி எடை கூடியதையும்
கணக்கில் காட்டத் தெரிந்தவள்.
என்ர களஞ்சியத்தை மட்டும்
ஆர் திறந்தது, எப்ப இறக்கினது,
ஒரு பற்றுச்சீட்டும் இல்லை.
முப்பத்தெட்டு வயது.

இடுப்பெலும்பைத் துளைத்து மஜ்ஜை எடுத்து,
சுழற்றிப் பிரித்து,
ஊசியால் சூலகத்துக்குள் விடுவார்களாம்.
உறங்கிக் கிடக்கிற முட்டைகள்
கண்விழிக்கக் கூடுமாம்.
"கூடும்" என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது.
அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.
"இது இன்னும் ஆய்வு நிலையிலதான் இருக்கு.
பத்துப் பேருக்குச் செஞ்சா எத்தனை பேருன்னு
நேர்மையா சொல்ல எங்கிட்ட எண் இல்ல."

விலைக்கு எண் இருந்தது.
தாளில் எழுதி எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.
சேந்தன் பூச்சியங்களை
மேசைக்குக் கீழே விரல்விட்டு எண்ணினான்.
எண்ணி முடிந்தும் கையை எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் கலம்.
குருத்துக் கலம்.
படம் கீறி, நிறம் தீட்டி,
பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.
ஒரு புள்ளி ஏன் குறைந்ததென்று
ரீச்சரிடம் கேட்கவில்லை.

படிவத்தில் ஏழாவது கேள்வி:
உடலில் உலோகம் ஏதும் உள்ளதா?
"ஓம். வலது இடுப்பு.
தொண்ணூற்றைந்து ஐப்பசி.
நாவற்குழிப் பாலத்துக்கு இங்கால.
எனக்கு ஒன்பது வயது."
அவர் பேனை நின்றது.
"என்னம்மா அது?"
"செல்."
"இல்ல, நான் கேட்டது..."
"செல்தான் டொக்டர். துண்டு."

தாதி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.
பார்த்துவிட்டு, மறுபடி
இரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டத் தொடங்கினாள்.
மருத்துவர் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு, பஸ்ஸில் இருக்கை மாறச் சொல்வதுபோல,
"அப்போ இடது பக்கம் எடுத்துக்கலாம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நிறுத்த முடியாத சிரிப்பு.
பத்தும் பன்னிரண்டும்
கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நினைத்தார்களோ.
ஒரே எலும்பு வளையம்.
ஒரு பக்கம் ஆரோ வைத்துவிட்டுப் போனது,
மறுபக்கம் நான் கொடுக்கப் போவது.
இரண்டுக்கும் ஒரு பெயர்.
கணக்குப்பிள்ளைக்கு இது பிழையான பதிவு,
வெட்டி எழுதவேண்டும்,
எந்தப் பக்கத்தை வெட்டுவதென்றுதான் தெரியவில்லை.

கொக்குவில் ரயில் கடவையில்
கம்பம் இறங்கியிருந்தது.
மோட்டார் சைக்கிளை நிறுத்தி
திரும்பாமலே சேந்தன் கேட்டான்:
"நோகுமோ?"
"எது?"
"எடுக்கிறது."
"தெரியேல்லை. இருக்கிறது
மார்கழிப் பனிக்கு மட்டும் நோகும்."
ரயில் போய் முடியும்வரை
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கம்பம் எழும்பியும் கிளம்பவில்லை,
பின்னால் ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.

இரவு படிவத்தை எடுத்து
ஏழாவது கேள்விக்குக் கீழே
"இடது" என்று எழுதினேன்.
கையொப்பத்துக்கான புள்ளிக்கோடு
அப்படியே கிடக்கிறது.
அடுத்த சனிக்கிழமைக்கு நாலு கிழமை இருக்கு.
திங்கள் மாதக் கடைசி.
இருப்பு எடுக்கவேணும்.