மணி அடிக்காத மதியம்

பதினொன்றே காலுக்கு எனக்குப் பசிக்கும்.
மணி அடித்ததால் பசித்ததா,
பசித்ததால் மணி அடித்தார்களா என்று
பன்னிரண்டு வருடப் படிப்பில் ஒருநாளும் யோசித்ததில்லை.
பாதித் தட்டு துருவிய கேரட், முட்டைக்கோஸ்.
கால் தட்டு உருளைக்கிழங்கு. மீதிக் காலில் மீன்.
ஓரத்தில் கறுப்பு ரொட்டி, ஒரு தம்ளர் பால்.
காசு கேட்க ஆளில்லை.
வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்,
குடித்து முடித்தவர்களுக்கு ஜாம் தடவிய பான்கேக்.
முகம் சுளித்துக்கொண்டேதான் சாப்பிட்டோம்.
சாப்பிட்டோம், அதுதான் விஷயம்.

செவ்வாயும் வெள்ளியும் ஸ்கீ பயிற்சி.
காட்டுப் பாதையில் விளக்கு எரியும்,
மைனஸ் பதினெட்டிலும் கிளப் வேன் வந்து ஹார்ன் அடிக்கும்.
பத்தரைக்கு அப்பா கூடத்து விளக்கை அணைப்பார்,
தூக்கம் தானாக வரும்.
"பிஹ்லா நல்ல பழக்கமுள்ள பெண்" என்றார்கள் குஹ்மோவில்.
நானும் நம்பினேன்,
பழக்கம் என்னுடையது என்று.

இப்போது ஔலுவில் நான்காம் மாடி,
ஒன்றரை அறை, என் பெயர் ஒட்டிய கதவு.
ஃபிரிட்ஜைத் திறந்தால் வெளிச்சம் மட்டும் தாராளம்.
கடுகு டியூப் ஒன்று, பாதி வெங்காயம்,
ஒக்கோ விட்டுப்போன எனர்ஜி டிரிங்க் மூன்று.
பகலில் கல்லூரி, போனால்.
வாரத்தில் நான்கு இரவு
பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலை.
நவம்பரில் நான் கண்விழிக்கும்போது
சூரியன் தன் ஷிஃப்ட்டை முடித்துக் கிளம்பியிருக்கும்.

சாப்பிடு என்று சொல்ல யாருமில்லை.
சாப்பிடாதே என்று சொல்லவும்.
முதல் மாதம் அது திருவிழா:
காலை ஏழு மணிக்கு சிப்ஸ்,
நள்ளிரவில் டப்பாவோடு ஐஸ்கிரீம்.
இரண்டாம் மாதம் அது வெறும் சிப்ஸ்.

ஸ்கீ இரண்டும் பால்கனியில் நிற்கின்றன,
உள்ளே வரலாமா என்று கேட்கக் கூச்சப்படும் விருந்தாளிகள்.
போன மார்ச்சில் தடவிய மெழுகு அப்படியே இருக்கிறது.
முற்றத்துப் பனியில் என் சைக்கிளின்
கைப்பிடி மட்டும் தெரிகிறது.
லிஃப்ட் பழுதான நாட்களில், மூன்றாம் மாடியில்,
செல்போனைப் பார்ப்பதுபோல் நிற்கிறேன்.
மூச்சு வாங்கத்தான்.

ஜனவரியில் கிடங்கு முழுக்க
ஊராரின் புத்தாண்டுச் சபதங்கள்.
யோகா பாய், ஜூஸ் பிழியும் இயந்திரம்,
ஓடத் துடிக்கும் காலணிகள்.
இரவு இரண்டு மணிக்கு
யாரோ ஒருவரின் இருபது கிலோ டம்பெல்லை
பெல்ட்டிலிருந்து வண்டிக்கு மாற்றுகிறேன்.
இது யார் கணக்கில் சேரும்?
இடைவேளையில் இயந்திரத்தில் காசு போட்டால்
சர்க்கரை பன் தொப்பென்று விழும்.
அதற்கும் ஒரு மணிச் சத்தம் உண்டு.

மாணவர் சுகாதார மையத்திலிருந்து ஒரு படிவம் வந்தது.
வாரத்தில் எத்தனை நாள் காய்கறி? ஐந்து.
எத்தனை மணி நேரத் தூக்கம்? எட்டு.
உடற்பயிற்சி? இரண்டு முறை, தவறாமல்.
பொய் சொல்கிறேன் என்றே தோன்றவில்லை.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது:
பதில் எழுதியவளுக்கு வயது பதினாறு.
அவள் இந்த முகவரியில் இல்லை.
வாடகை கட்டுபவள் வேறொருத்தி.

அன்றே செல்போனில் அலாரம் வைத்தேன்.
பதினொன்றே கால். பெயர்: பசி.
முதல் நாள் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் எழுந்தேன், கோபத்தோடு.
துருவி இல்லாததால் கேரட்டைக் கத்தியால் சீவினேன்,
கட்டைவிரலையும் கொஞ்சம்.
கழுவிய தட்டு ஒன்றுகூட இல்லை, சட்டி மூடியில் போட்டேன்.
பாதி மூடிகூட நிரம்பவில்லை.

டின் பட்டாணி சூப்பைச் சுடவைத்து
அடுப்போரம் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தேன்.
எனர்ஜி டிரிங்க்கை எடுத்துப்போக வந்த ஒக்கோ
மூடியைப் பார்த்தான், விரல் கட்டைப் பார்த்தான்.
"என்ன, டயட்டா?"
"இல்ல, வியாழக்கிழமை" என்றேன்.

அன்று செவ்வாய்.